வேலைக்கு முன்னே வந்த ஃப்ளெக்ஸ்

எங்கள் அவனியாபுரத்தில் ஒரு பெண்ணின் முகம் ஃப்ளெக்ஸ் பேனரில் வருவதற்கு இரண்டே சந்தர்ப்பங்கள்தான். வயசுக்கு வந்த சடங்கு, கல்யாணம். மூன்றாவதாகக் கண்ணீர் அஞ்சலி என்று ஒன்று உண்டு, அதைப் பார்க்க நாம் இருக்க மாட்டோம். ஆண்களுக்கு இந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது. காளையைப் பிடித்தால் பிடித்தவனுக்குப் பேனர், யாரும் பிடிக்காமல் விட்டால் காளையின் சொந்தக்காரருக்குப் பேனர். பிறந்தநாள், புது வண்டி, சபரிமலைப் பயணம் என்று எதற்கும் அவர்கள் சுவரில் ஏறிக்கொள்வார்கள். வேலை கிடைத்ததற்காக ஒரு பெண்ணுக்குப் பேனர் கட்டியதில் எங்கள் தெருவிலேயே என் அப்பாதான் முதல் ஆள். அதில் ஒரே ஒரு சிக்கல். எனக்கு அப்போது வேலை கிடைத்திருக்கவில்லை.

நான் பி.பி.ஏ. மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். அந்தப் படிப்பில் சேர்ந்த நாளிலிருந்து அது என்ன படிப்பு என்று ஊருக்கு விளக்குவதே எனக்குத் தனிப் பாடமாகிப் போயிருந்தது. பி.காம். என்றால் ஆடிட்டர் என்பார்கள், நர்சிங் என்றால் கேள்வியே கிடையாது. பி.பி.ஏ. என்றால் மட்டும் எதிரில் இருப்பவர் முகம், பஸ் வராத ஸ்டாப்பில் நிற்கிற மாதிரி ஆகிவிடும். வெல்டிங் பட்டறை வைத்து கிரில் கேட் செய்கிற அப்பாவும் ஒருநாள் சாப்பிடும்போது கேட்டார்.

"இதை முடிச்சா உன்னைய என்னன்னு கூப்புடுவாக?"

"மேனேஜர்னுப்பா."

"யாரை மேனேஜ் பண்ணுவ?"

"அது வேலைக்குப் போனாத்தான் தெரியும்."

"அப்ப மொதல்ல உங்கம்மாவ மேனேஜ் பண்ணிக் காட்டு, பாப்போம்."

"என்னைய மேனேஜ் பண்ண ஒருத்தி இனிமேத்தான் பொறந்து வரணும்" என்று அடுப்படியிலிருந்து பதில் வந்தது. அப்பா மறு சோறு கேட்காமல் எழுந்து கை கழுவினார்.

கடைசி வருடத்தில் எங்களுக்கு கரியர் பிளானிங் என்று வாரம் ஒரு வகுப்பு வைத்தார்கள். பிளேஸ்மெண்ட் பொறுப்பில் இருந்த சார்தான் எடுத்தார். நல்ல மனிதர். ஆனால் எதையும் கட்டம் போட்டுத்தான் யோசிப்பார். ஆளுக்கொரு சார்ட் அட்டை வாங்கச் சொல்லி, அதில் ஐந்து கட்டம் போட்டு, ஒவ்வொரு வருடமும் எந்தப் பதவியில் இருப்போம் என்று எழுத வைத்தார். அதை வீட்டில் தினமும் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்ட வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். "கண்ணு பார்த்துக்கிட்டே இருந்தா கால் தானா அந்தப் பக்கம் போகும்" என்பது அவர் கட்சி.

என் பக்கத்தில் உட்காரும் தோழி சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண். வீட்டாரோடு போனில் அவள் தன் பாஷையில் பேசினால் எனக்கு ஒரு சொல் புரியாது. அவள் என்னைத் திட்டினால் மட்டும் எப்படியோ புரிந்துவிடும். அவள் வீட்டில் சேலை மொத்த வியாபாரம். அவள் சார்ட்டில் முதல் கட்டத்தில் 'அப்பா கடை' என்று எழுதினாள். இரண்டாவதிலும் 'அப்பா கடை.' மூன்றாவதில் 'என் கடை.' நான்காவதில் 'அப்பா என் கடையில்.' ஐந்தாவதைக் காலியாக விட்டுவிட்டாள். ஏன் என்று சார் கேட்டதற்கு, "அந்த வருசம் நான் லீவு சார்" என்றாள்.

எனக்கு அவ்வளவு தெளிவு இல்லை. ஒன்று மட்டும் தெரியும். எனக்கு விற்கப் பிடிக்கும். ஒரு பொருளை ஒருவர் வேண்டாம் என்று சொல்லும்போதே, இவர் எதற்காக வேண்டாம் என்கிறார் என்று என் மூளை கிளம்பிவிடும். கடை கடையாய் ஏறி இறங்கி, கடைக்காரரோடு பேசி, சரக்கை வைக்க வைக்கிற வேலை வேண்டும் என்று இருந்தது. அதையும் மதுரையில் இருந்துகொண்டே செய்ய வேண்டும். சென்னைக்கு அனுப்ப அப்பா யோசிப்பார் என்பது ஒரு பக்கம். எனக்கே போக ஆசையில்லை என்பதுதான் உண்மை. காலை எழுந்ததும் தெரிந்த முகம் நாலு இல்லாத ஊரில் நான் என்னத்தை விற்பது? ஆகவே முதல் கட்டத்தில் 'பயிற்சி அலுவலர், மதுரை' என்று எழுதினேன். நடுவில் சாரைக் கேட்டுக் கேட்டு நிரப்பினேன். ஐந்தாவது கட்டத்தில் பெரிய எழுத்தில், சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால், 'மண்டல மேலாளர்' என்று எழுதி, வீட்டுக் கூடத்தில் டிவிக்கு மேலே ஒட்டினேன். அப்பா செய்தி பார்க்கும்போதெல்லாம் அதையும் சேர்த்துப் பார்த்தார்.

தை முடிந்து ஆட்கள் எடுக்க நிறுவனங்கள் வரத் தொடங்கின. எல்லாம் சென்னை, பெங்களூரு. மதுரைக்கென்று ஆள் கேட்டு வந்தது ஒன்றே ஒன்றுதான். மிக்ஸி, கிரைண்டர் செய்கிற நிறுவனம். மதுரையும் சுற்றுவட்டாரமும் சுற்றி, கடைகளில் சரக்கு வைக்க ஒரு பயிற்சி அலுவலர் வேண்டும். ஒரே ஒரு இடம். நான் கனவு கண்ட வேலையை யாரோ எட்டிப் பார்த்து விளம்பரம் கொடுத்த மாதிரி இருந்தது. முதல் சுற்று வீடியோ வழியாக நடந்தது. நன்றாகவே பேசினேன். அடுத்த வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து நேரில் வந்து சிலரைப் பார்ப்பார்கள் என்று தகவல் வந்தது. அந்தச் சிலரில் நானும் ஒருத்தி.

வீட்டுக்கு ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். "மொதத் தடவ பாத்தாங்கப்பா. அவுங்களுக்குப் பிடிச்சிருச்சு. வெள்ளிக்கெழம பெரியவுங்களே நேர்ல வாராங்க."

அப்பா தலையை ஆட்டினார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். நான் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெண் பார்க்க வருகிறவர்கள் முதல் தடவை பட்டும் படாமலும் வருவார்கள். மாப்பிள்ளையின் அக்கா, அவள் வீட்டுக்காரர் என்று இரண்டொருவர், கோயிலுக்கு வந்த சாக்கில் எட்டிப் பார்ப்பார்கள். பிடிக்கவில்லை என்றால் அதோடு சரி, யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. பிடித்திருந்தால்தான் பெரியவர்கள் கிளம்பி வருவார்கள். பெரியவர்கள் வந்துவிட்டால் அது பார்ப்பதற்கல்ல, வெற்றிலை பாக்கு மாற்றுவதற்கு. அவ்வளவு தூரம் வந்து உட்கார்ந்து காபி குடித்துவிட்டு வேண்டாம் என்று சொன்ன குடும்பத்தோடு பிறகு யாரும் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ள மாட்டார்கள். அப்பாவுக்குத் தெரிந்த சட்டம் இதுதான். முதலில் பார்த்தார்கள், பிடித்துவிட்டது, பெரியவர்கள் நேரில் வருகிறார்கள். இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன அத்தாட்சி வேண்டும்?

வியாழக்கிழமை சாயங்காலம் கல்லூரி விட்டு ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தேன். ஊர் எல்லையில் வண்டி வேகம் குறைந்தது. ஓட்டுநர் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார், வெளியே பார்த்தார், மறுபடியும் கண்ணாடியைப் பார்த்தார்.

"ஏத்தா, அந்தப் பேனர்ல இருக்கது நீதானே?"

விமான நிலையம் போகிற சாலையில், அப்பாவின் நண்பரான ஹார்டுவேர் கடைக்காரரின் மாடிச் சுவரை முழுக்க மறைத்துக்கொண்டு நான் நின்றேன். பெரியம்மா மகள் கல்யாணத்தில் எடுத்த படம். பட்டுச்சேலை, தலை நிறைய மல்லிகைப்பூ. எனக்குப் பின்னால் ஒரு காளை. பொங்கலுக்குப் போட்ட பேனரின் ஃபைலிலேயே ஆளை மட்டும் மாற்றியிருந்தார்கள் என்பது பார்த்ததுமே தெரிந்தது. 'மிக்ஸி கிரைண்டர் நிறுவனத்தின் மண்டல மேலாளராகப் பொறுப்பேற்கும் எங்கள் வீட்டுச் சிங்கப்பெண்ணே, வருக! வெல்க!' என்று காளையின் திமிலுக்கு மேலே எழுதியிருந்தது. அடியில் அப்பாவின் நண்பர்கள் வரிசையாக, ஆளுக்கொரு செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு, மிக முக்கியமாக யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஆட்டோவில் இருந்த அத்தனை பேரும் வாழ்த்துச் சொன்னார்கள். ஒரு அம்மா, நல்ல மிக்ஸியாக ஒன்று விலை குறைத்துத் தர முடியுமா என்று கேட்டார். நான் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

"அப்பா, யாருப்பா சொன்னா வேலை கெடச்சிருச்சுன்னு?"

"நீதான ஆத்தா சொன்ன. பெரியவுங்க நேர்ல வாராகன்னு."

"இன்டர்வியூவுக்கு வாராங்கப்பா!"

"அப்ப மொதத் தடவ பாத்தது?"

"அதுவும் இன்டர்வியூதான்."

அப்பா முகம் மாறியது. "ரெண்டு தடவ பாத்துட்டும் வேணாம்னு சொல்லுவாகளா? என்னத்தா மொற இது?"

"சொல்லுவாங்க. மூணு தடவ பாத்துட்டும் சொல்லுவாங்க. அதோட நான் மண்டல மேலாளரும் இல்ல. அது அஞ்சாவது கட்டம். மொதக் கட்டம் பயிற்சி அலுவலர்."

"பேனர்ல போயி பயிற்சின்னு போடுவாகளா?" என்றார் அப்பா. அதுவும் சரிதான். வார்டு செயலாளரின் மச்சான்கூட எங்கள் ஊர் பேனரில் தளபதிதான்.

அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கோ இது விளையாட்டாக இல்லை. அதுவரை இந்த வேலை எனக்கு வேண்டும், அவ்வளவுதான். கிடைக்காவிட்டால் நான் இரண்டு நாள் அழுதுவிட்டு எழுந்திருப்பேன். இப்போது கிடைக்காவிட்டால், பட்டறை வாசலில் அப்பாவைப் பார்த்து ஊரே கேட்கும். 'என்னண்ணே, பாப்பா இன்னும் பொறுப்பேத்துக்கலையா?' என்று டீ குடிக்கிற இடமெல்லாம் கேட்கும். எங்கள் ஊர்க்காரர்களின் கிண்டலை நான் அறிவேன். ஒருமுறை பிடித்தால் வருடக்கணக்கில் விட மாட்டார்கள்.

"கழட்டிருங்கப்பா. இன்னைக்கே கழட்டிருங்க" என்றேன்.

அப்பா டிவிக்கு மேலே இருந்த சார்ட்டைப் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

"அவுக இன்னும் வேணாம்னு சொல்லல. அதுக்குள்ள நான் கழட்டுனா, எம்மக தோத்துருவான்னு நானே ஊருக்குச் சொன்ன மாதிரி ஆயிரும். அது என்னால ஆகாது. வேணாம்னு சொல்லட்டும், அப்ப பாத்துக்குவோம்."

எனக்குக் கோபம், சிரிப்பு, அழுகை எல்லாம் ஒன்றாக வந்தது. எதை முதலில் வெளியே விடுவது என்று தெரியாமல் போய் முகம் கழுவினேன்.

வெள்ளிக்கிழமை காலை என் தோழி எனக்குத் துணைக்கு வந்தாள். வைகைக்கு வடக்கே, கோரிப்பாளையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் எங்கள் கல்லூரி. நெரிசலைக் கடந்து வாசலை மிதித்ததுமே ஆரம்பித்தாள்.

"வாங்க மண்டலம். பாதுகாப்பு வண்டியெல்லாம் பின்னாடி வருதா?"

"சும்மா இருடி. உனக்கு யார் சொன்னா?"

"காளை ஒண்ணு வாட்ஸப்ல வந்துச்சு. பக்கத்துல நீ நின்ன." பிறகு திடீரென்று நின்றாள். "ஏய், சென்னையில இருந்து எதுல வாராங்க?"

"ஃப்ளைட்ல."

"ஏர்போர்ட்ல இருந்து ஊருக்குள்ள வர்ற கார் எந்த வழியா வரும்?"

நான் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

என் முறை வந்தபோது மதியம் ஆகிவிட்டது. உள்ளே இரண்டு பேர். கண்ணாடி போட்ட ஒரு மனிதர், ஒரு பெண். அந்தப் பெண்தான் பெரியவர். காட்டன் சேலை, வெட்டிய முடி, கூர்மையான பார்வை. நான் உட்கார்ந்ததும் தன் செல்போனைத் திருப்பி என் பக்கம் நீட்டினார். காளை என்னைப் பார்த்தது.

"காலையில வர்ற வழியில எடுத்தேன். மண்டல மேலாளர்னு போட்டிருக்கு. இந்த மண்டலத்துக்கு நான்தான் மேலாளர். எனக்குத் தெரியாம என்னை மாத்திட்டாங்களோன்னு ஆபீஸுக்குப் போன் பண்ணிக் கேட்டேன்."

பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் என்றிருந்தது. பிளக்கவில்லை. மறைத்துப் பேச வழியே இல்லாததால் இருந்ததை அப்படியே சொல்லிவிட்டேன். பெண் பார்க்கிற வழக்கம், பெரியவர்கள் நேரில் வருவதன் அர்த்தம், அப்பாவின் கணக்கு, டிவிக்கு மேலே இருக்கிற சார்ட், எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல அந்த அம்மாவின் உதடு துடித்தது. காபி கொடுப்பது வரை வந்தபோது அவரால் அடக்க முடியவில்லை, வாய்விட்டுச் சிரித்தார்.

"அப்ப இந்தக் கேள்வியை எப்படிக் கேட்குறது? கேட்டுத்தானே ஆகணும். அஞ்சு வருஷம் கழிச்சு நீங்க எங்க இருப்பீங்க?"

இதற்கு சார் மனப்பாடம் செய்ய வைத்த பதில் ஒன்று இருந்தது. பொறுப்பு, வளர்ச்சி, குழு மனப்பான்மை என்று நீளமாகப் போகும். அது எனக்கு ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை.

"அதான் ரோட்டுல எழுதிப் போட்டாச்சே மேடம்" என்றேன்.

கண்ணாடிக்காரர் இதற்கும் சிரிக்கவில்லை. கையிலிருந்த பேனாவை மூடிவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார். "டி. கல்லுப்பட்டியில ஒரு கடை. நம்ம சரக்கு வேண்டாம், வேற கம்பெனி நல்லாப் போகுதுன்னு சொல்லிட்டார். என்ன செய்வீங்க?"

"மறுபடி போவேன் சார்."

"அதான் வேண்டாம்னுட்டாரே."

"மொதத் தடவை போனா, சும்மா எட்டிப் பாக்க வந்திருக்காங்கன்னுதான் நினைப்பார். வேண்டாம்னு சொல்றது அவருக்கும் சுலபம். ரெண்டாவது தடவை, எங்க மேலதிகாரி ஒருத்தரைக் கூட்டிக்கிட்டு நேர்ல போய் உட்காருவேன். அவர் கொடுக்கிற டீயைக் குடிப்பேன். அதுக்கப்புறம் வேண்டாம்னு சொல்ல எங்க ஊர்ப்பக்கம் யாருக்கும் அவ்வளவு லேசுல வாய் வராது சார். குறைஞ்சது ரெண்டு பீஸாவது வச்சுட்டுப் போங்கன்னுதான் சொல்லுவாங்க."

யோசித்துச் சொன்னதில்லை. அப்பாவின் சட்டத்துக்கு வக்காலத்து வாங்குகிற வேகத்தில் வாயிலிருந்து விழுந்துவிட்டது. சொன்ன பிறகுதான் அது பதிலாகவும் இருப்பது எனக்கே தெரிந்தது. கண்ணாடிக்காரர் பேனாவைத் திறந்து ஏதோ எழுதினார். கூட வந்து உட்காரப்போகும் மேலதிகாரி யார் என்று மேடம் கேட்டார். நீங்கள்தான் என்றேன். கல்லுப்பட்டியில் டீ நன்றாக இருக்குமா என்று கேட்டார். நன்றாக இருக்கும், சர்க்கரை மட்டும் தூக்கலாக இருக்கும் என்றேன்.

சாயங்காலம் சார் வராந்தாவுக்கு வந்து என் பெயரைச் சொன்னார். இரண்டாவது பெயர் எதுவும் இல்லை. என் தோழி தன் பாஷையில் ஒரு கத்து கத்தினாள். அந்தச் சொல்லும் எனக்குப் புரிந்தது. சார் என் கையைக் குலுக்கி, "பார்த்தியா, சார்ட் போட்டா நடக்குதா இல்லையா?" என்றார். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் யாருக்கும் 'ஆமா சார்' சொன்னதில்லை. இந்தச் சந்தோஷத்தை அப்பாவுக்குப் போனில் சொல்ல மனம் வரவில்லை. முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றிருந்தது. பெரியார் நிலையம் வரை பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. தோழியும் கூடவே தொற்றிக்கொண்டாள். மண்டலத்தைத் தனியாக அனுப்பக் கூடாதாம்.

பேனர் இருக்கும் இடத்தில் இறங்கினோம். அதன் கீழே, ஹார்டுவேர் கடை வாசலில், பட்டறையின் பெரிய இரும்பு ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு அப்பா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வெல்டிங் பொறி பட்டு ஓட்டை விழுந்த சட்டையைக்கூட மாற்றவில்லை. எங்களைப் பார்த்ததும் எழுந்தார். என் முகத்தையே பார்த்தார்.

"கெடச்சிருச்சுப்பா" என்றேன்.

அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "அதான் நேத்தே போட்டுட்டோம்ல" என்று துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஏணி எதுக்குப்பா?"

"காத்தடிக்குது. ஒரு மூல தளந்திருக்கு. கட்டலாம்னு."

உள்ளேயிருந்து ஹார்டுவேர் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "பொய் சொல்றாரு பாப்பா. காலைல கட தொறக்கையில ஏணியோட வந்து உக்காந்தவரு. மதியச் சாப்பாட்டுக்குக்கூட நகரல. ஒருவேள கெடைக்கலன்னு போன் வந்தா, ஆட்டோ ஊருக்குள்ள வர்றதுக்கு முன்னாடி கழட்டிரணும்னாரு. எம்பொண்ணு வரும்போது இத அண்ணாந்து பாக்கக் கூடாதுன்னாரு. நம்ம கடப் பையன்கள விட்டுக் கழட்டச் சொல்றேன்னேன், அதுவும் வேணாம், எம்மக மொகத்த நான்தான் எறக்குவேன்னாரு."

என் தோழி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா அவரை முறைத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். ஏணியில் ஏறினார். உண்மையாகவே ஒரு மூலை தளர்ந்துதான் இருந்தது. காளையின் கொம்புப் பக்கத்துக் கயிற்றை அவிழ்த்து, பல்லால் கடித்து இழுத்து, மறுபடி இறுக்கிக் கட்டினார். பிறகு ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி கீழே திரும்பினார்.

"நேரா இருக்கா பாரு, ஆத்தா."

கண்ணில் நீர் முட்டியதில் எனக்கு எதுவுமே தெரியவில்லை.

"நேராத்தான் இருக்குப்பா" என்றேன்.